மோட்டார் வண்டியுடையாரும் பட்டறைத் தேர்வும்

ஒரு பொருளை விலை கொடுத்து வாங்கியவன் அப்பொருளுக்கு உடையவன் என்பதை உலகில் மறுப்பார் இலர். ஆயின், அப்பொருள் பழுதுற்ற காலத்து அதனைச் செப்பனிடுவார் இன்னார் எனத் தீர்மானிக்கும் உரிமை பிறிதொருவர் கைக்குச் சென்றுவிடுமேல், அவ்வுடைமை முழுவுடைமையாமோ என்பது கேட்கத்தக்க வினாவாம். இவ்வினா வெறுந் தருக்கத்தின்பொருட்டு எழுந்ததன்று. அமெரிக்க ஐக்கிய நாடுகளில் மோட்டார் வண்டியுடையாரும், இன்ஷூரன்ஸ் கம்பெனியாரும், பட்டறை நடத்துவாரும் அறுபது ஆண்டுகட்கு மேலாக இதுபற்றி வழக்காடி வருகின்றனர். அந்நாட்டுச் சட்டசபைகளும் நியாயஸ்தலங்களும் இதன்கண் தலையிட்டுள்ளன. நம் சஞ்சிகையைப் படிக்கும் அன்பர்களுட் பலர் வண்டியுடையராகவும், சிலர் வக்கீல்களாகவும், சிலர் பொறியியல் பயில்வாராகவும் இருத்தலின், இவ்விஷயத்தை அவர் முன்வைத்து நம் கருத்தையுங் கூறத் துணிகின்றோம்.

அமெரிக்காவில் இன்ஷூரன்ஸின்றி வண்டி யோட்டுதல் பெரும்பாலும் இயலாது. மாஸச்சூஸெட்ஸ் நாட்டார் 1925-ஆம் ஆண்டிற் சட்டமியற்றி, 1927 ஜனவரி முதல் தேதி தொட்டு, வண்டியாற் பிறர்க்கு நேருந் தீங்கிற்கு ஈடுசெய்யும் இன்ஷூரன்ஸ் ஒவ்வொருவர்க்கும் கட்டாயம் என விதித்தனர். பின்னர் ஏனைய நாட்டாரும் ஒருவர் பின் ஒருவராய் அவ்வழிச் சென்றனர். இன்று நியூ ஹாம்ப்ஷையர் போன்ற மிகச் சில இடங்களே இக்கட்டாயத்திற்கு விலக்காய் நிற்கின்றன. பிறர்க்கு நேருந் தீங்கிற்கு ஈடு என்பது ஒருவகை. தன் வண்டிக்கே நேருஞ் சேதத்திற்கு ஈடு என்பது மற்றொருவகை. இவ்விரண்டாவது வகையைச் சட்டம் கட்டாயப்படுத்தாதாயினும், கடன் கொடுத்து வண்டி வாங்குவிப்போர் கட்டாயப்படுத்துகின்றனர். ஆகவே கம்பெனியின் துணையின்றிச் சாலையில் இறங்குவார் அங்கே சிலரே. மேலும், 1945-ஆம் ஆண்டில் அந்நாட்டுக் காங்கிரஸ் சபை இயற்றிய சட்டத்தின்படி, இன்ஷூரன்ஸ் வியாபாரத்தை ஒழுங்குபடுத்தும் அதிகாரம் பெரும்பாலும் அவ்வந்நாட்டுச் சர்க்காரிடமே விடப்பட்டுளது. இதனால் ஒரு நாட்டிற் காணும் விதி அடுத்த நாட்டிற் காணப்படாமையும் உண்டு.

இனி, இன்ஷூரன்ஸ் உடன்படிக்கை யாது கூறுகின்றது என்பதை நோக்குவோம். வண்டி சேதமுற்றால், அதனை ஒத்த வகையும் ஒத்த தரமுமுள்ள உறுப்புக்களாற் செப்பனிடுதற்கு வேண்டிய தொகையையாதல், சேதத்திற்கு முன் அவ்வண்டிக்கிருந்த மதிப்பையாதல், இவற்றுட் குறைந்ததைத் தருவதாகக் கம்பெனி வாக்களிப்பதே வழக்கம். இதனை ஊன்றி நோக்கின் ஓர் உண்மை புலப்படும். கம்பெனி தருவது பணம். பழுதுபார்ப்பதோ பட்டறை. பட்டறைக்காரனுக்கு வேலை செய்யக் கையெழுத்திட்டு அநுமதி யளிப்பவனோ வண்டியுடையான். பழுதுபார்த்தல் என்னும் உடன்படிக்கை உடையானுக்கும் பட்டறைக்கும் இடையே நிகழ்வது. கம்பெனி அதற்குப் புறத்தே நிற்பது. பணங் கொடுப்பவன் கணக்கைச் சோதிக்கலாம், மிகையெனின் மறுக்கலாம். ஆயின் வைத்தியனைத் தெரிந்தெடுக்கும் உரிமை நோயாளிக்குரியதே யன்றி, அவனுக்காகப் பணங்கட்டும் உறவினனுக்குரியதன்று. வண்டி விஷயமும் அத்தகையதே என்பது நம் கொள்கை.

நடைமுறையில் நிகழ்வது யாது? கம்பெனியார் ஊர்தோறுஞ் சில பட்டறைகளைத் தம் பட்டியலிற் சேர்த்துக்கொள்கின்றனர். பட்டியலிற் சேர்ந்த பட்டறை, மணிக்கணக்கிற் பெறுங் கூலியைக் குறைத்துக்கொள்ளவும், உறுப்புக்களின் விலையிற் கழிவு தரவும், கம்பெனி குறிக்கும் வகையான உறுப்புக்களையே பூட்டவும், இத்தனை நாளில் வேலையை முடிக்கவும் இசைகின்றது. அதற்குக் கைம்மாறாகக் கம்பெனி தன் வாடிக்கைக்காரரை அப்பட்டறைக்கு அனுப்புகின்றது. இவ்வேற்பாடு முழுவதும் தீதென்று நாம் சொல்லமாட்டோம். விபத்திற் கலங்கி நிற்பான் ஒருவனுக்கு, பழக்கமில்லாத ஊரில் ஒரு பட்டறையின் பெயரைச் சொல்வதே பேருதவியாம். வேலை விரைவில் முடிகின்றது. கணக்கு நேரே கம்பெனிக்குச் செல்கின்றது. செய்த வேலைக்குக் கம்பெனியே பிணை நிற்பதும் உண்டு. செலவு குறைந்தாற் பிரிமியமுங் குறையும் எனக் கம்பெனியார் கூறுவதிலும் நியாயம் இல்லாமலில்லை.

ஆயின், பெயர் சொல்லுதல் வேறு. தள்ளிக்கொண்டுபோய் விடுதல் வேறு. வண்டியுடையான் தான் நம்பிய பட்டறையின் பெயரைத் தொலைபேசியிற் கூறியவுடன், மறுமுனையிலிருந்து இன்சொற்கள் வருகின்றன: "அவ்விடஞ் செல்லலாம், ஆனால் எங்கள் மதிப்பீட்டாளர் அங்கு வரச் சில நாளாகும்." "அவ்விடஞ் செல்லலாம்; ஆனால் அவர்கள் வேலைக்கு நாங்கள் பொறுப்பல்லோம்." "அவ்விடஞ் செல்லலாம். ஆனால் அவர்கள் கூலி அதிகம். மிகுதியை நீங்களே கொடுக்க நேரும்." இவற்றுள் ஒன்றேனும் தடையன்று, யாவுஞ் சேர்ந்து தடையாகிவிடுகின்றன. மறுநாட் காலையில் வேலைக்குச் செல்ல வண்டியின்றித் தவிப்பான், கைப்பணஞ் செலவிட அஞ்சுவான், இச்சொற்களைக் கேட்டபின் தன் உரிமையைத் தானே கைவிடுகின்றான். உரிமை ஏட்டில் இருக்கின்றது, நாட்டில் இல்லை. இதனையே அமெரிக்கர் ‘ஸ்டியரிங்’ என வழங்குவர். சக்கரத்தைத் திருப்புபவன் வேறொருவன் என்பது அதன் கருத்து.

பட்டியலிற் சேர்ந்த பட்டறையின் நிலையும் இரங்கத்தக்கதே. இரு தோணியிற் கால்வைத்தவன் பாடு அவன் பாடு. சட்டப்படி அவன் கடமை வண்டியுடையானுக்கு. பிழைப்போ கம்பெனி கையில். புதிய உறுப்பொன்று வேண்டுமென அவன் மனம் நினைக்கும். பழையதைத் தட்டி நிமிர்த்தினாற் போதுமெனக் கம்பெனியின் மதிப்பீடு கூறும். மறுத்தால் அடுத்த ஆண்டு பட்டியலில் அவன் பெயர் இராது. நல்ல தொழிலாளரும் நாளடைவில் இந்நெருக்கடிக்கு இணங்குதல் இயல்பே. அவர் நேர்மையில் நாம் ஐயுறுகின்றோமில்லை. நேர்மையைச் சோதனைக்குள்ளாக்கும் ஏற்பாட்டையே குறை கூறுகின்றோம்.

இது புதிய குறையுமன்று. 1963-ஆம் ஆண்டில் அமெரிக்க நீதி இலாகாவினர், இன்ஷூரன்ஸ் கம்பெனிகளின் மூன்று பெருஞ் சங்கங்கள்மீது, போட்டியைக் கெடுக்கும் சூழ்ச்சிகளைத் தடுக்கும் ஷெர்மன் சட்டத்தின்கீழ் நியூயார்க் நியாயஸ்தலத்தில் வழக்குத் தொடுத்தனர். மதிப்பீட்டாளரைச் சங்கத்தார் தம் ஆதரவில் வைத்துக்கொண்டு, அவர் குறிக்குந் தொகைக்கு இசையும் பட்டறைகளுக்கே வேலையைத் திருப்பி, பழுதுபார்க்கும் விலையைத் தம் கைக்குள் அடக்க முயன்றனர் என்பது குற்றச்சாட்டு. அவ்வாண்டு நவம்பர்த் திங்களிலேயே வழக்கு இருதிறத்தார் இசைவுடன் தீர்ப்பாயிற்று. வாடிக்கைக்காரரைக் குறித்த பட்டறைகளுக்குத் திருப்புதலும், மதிப்பீட்டாளரைத் தம் வசப்படுத்துதலும், விலையை நிருணயித்தலும் அச்சங்கங்களுக்கு விலக்கப்பட்டன. பட்டறை நடத்துவார் இன்றும் இத்தீர்ப்பைத் தம் சாஸனம்போற் போற்றி எடுத்துக் காட்டுகின்றனர். ஆயின் அது கட்டுப்படுத்தியது வழக்கிலிருந்த சங்கங்களையே. கம்பெனி ஒவ்வொன்றுந் தனித்தனியே பட்டறைகளோடு செய்துகொள்ளும் உடன்பாட்டை அது நேரே தொடவில்லை. சங்கமாய்ச் செய்தற்கு விலக்கப்பட்ட தொன்று தனித்தனியே வேறு வடிவில் வளர்ந்து நிற்பதை நாம் இன்று காண்கின்றோம்.

அதன்பின் அவ்வந்நாட்டுச் சட்டசபைகள் இக்குறையைத் தீர்க்க முயன்றுள்ளன. குறித்த இடத்திலேதான் வண்டியைச் செப்பனிட வேண்டுமெனக் கம்பெனி வற்புறுத்தலாகாது என நியூயார்க் நாட்டு இன்ஷூரன்ஸ் சட்டம் கூறுகின்றது. வண்டியுடையான் தானே கேட்டாலன்றி ஒரு பட்டறையைச் சிபார்சு செய்யலாகாது என்றும் அது விதிக்கின்றது. கலிபோர்னியா நாட்டு இன்ஷூரன்ஸ் சட்டத்தின் 758.5-ஆம் பிரிவும், உடையான் கேட்டாலோ, தெரிந்தெடுக்கும் உரிமை அவனுக்குண்டு என்பதை எழுத்தில் அறிவித்தாலோ அன்றிக் கம்பெனி சிபார்சு செய்தலைத் தடுக்கின்றது. டெக்ஸஸ் நாட்டில் நிகழ்ந்தது வேறொரு வகை. 2001-ஆம் ஆண்டிற் பெரிய இன்ஷூரன்ஸ் கம்பெனி யொன்று பல ஊர்களிற் கிளைகளுள்ள பட்டறை ஸ்தாபனத்தையே விலைக்கு வாங்கிற்று. பணங்கொடுப்பவனும் பணம்பெறுபவனும் ஒருவனேயாயின் கணக்கைச் சோதிப்பார் யார் என்ற கேள்வி எழுந்தது. 2003-ஆம் ஆண்டில் அந்நாட்டார் கம்பெனிகள் பட்டறைகளை உடைமையாகக் கொள்ளுதலைக் கட்டுப்படுத்திச் சட்டமியற்றினர். கம்பெனி வழக்காடியும், 2007-ஆம் ஆண்டில் அப்பீல் நியாயஸ்தலத்தார் அச்சட்டத்தின் பெரும்பகுதியை நிலைநிறுத்தி, விளம்பரத்தைக் கட்டுப்படுத்திய பகுதிகளை மட்டுமே தள்ளினர்.

"வளைந்த தகட்டை நிமிர்த்திச் சாயம் பூசுதற்கு இத்துணை ஆரவாரம் ஏன்?" எனச் சிலர் வினவக்கூடும். முற்காலத்து வண்டிக்கு இக்கேள்வி ஓரளவு பொருந்தும்; இக்காலத்து வண்டிக்குப் பொருந்தாது. இன்றைய வண்டியின் உடற்கூடு, விபத்தில் எப்பாகம் நசுங்க வேண்டும், எப்பாகம் நசுங்காது உள்ளிருப்பாரைக் காக்க வேண்டும் என முன்னரே கணக்கிட்டு அமைக்கப்படுகின்றது. உள்ளிருப்பாரைச் சூழ்ந்த தூண்களில் மிக வலிய எஃகு வகைகள் பயில்கின்றன. அவற்றைச் சூடேற்றி நிமிர்த்தின் அவற்றின் வலிமையே போய்விடும். 2015-ஆம் ஆண்டு மாதிரி தொட்டு ஃபோர்டு எஃப்-150 என்னும் பாரவண்டியின் உடல் அலுமினியத்தால் ஆகியது. எஃகுத் துகள் படிந்தால் அலுமினியம் அரிக்கப்படுமாதலின், அதற்குத் தனிக் கருவிகளும் தனியிடமும் வேண்டும். முன்கண்ணாடியை மாற்றினாலும், அதன் பின்னிருக்குங் காமிராவை மீண்டும் அளவுபடுத்தல் வேண்டுவதாகின்றது. அளவு பிசகின், தானே தடையிடவேண்டிய வண்டி தடையிடாது போகலாம். இவையனைத்துஞ் சாயத்தின் கீழ் மறைந்து கிடப்பன. வேலை நன்றா தீதா என்பது வண்டியைப் பெற்றுச் செல்லும் நாளில் தெரிவதன்று. அடுத்த விபத்தன்றுதான் தெரிவது.

இதற்கு ஓர் உண்மைச் சான்று கூறுவோம். ஆலங்கட்டி மழையாற் சேதமுற்ற சிறு வண்டியொன்றன் மேற்கூரையை டெக்ஸஸிலுள்ள பட்டறை யொன்று மாற்றிற்று. கூரையைப் பற்றவைத்தல் வேண்டுமென வண்டி செய்தோர் விதித்திருந்தனர்; பட்டறையாரோ பசையால் ஒட்டிவிட்டனர். பின்னர் அவ்வண்டி கைம்மாறித் தம்பதிகள் இருவரிடம் வந்தது. கூரை மாற்றப்பட்ட செய்தியை அவர் அறியார். 2013-ஆம் ஆண்டு டிசம்பரில் எதிர்வந்த வண்டி மோதிற்று. அவர் உள்ளே சிக்குண்டு கடுங்காய முற்றனர். 2017-ஆம் ஆண்டில் டல்லஸ் நகரத்து ஜூரிமார், பொறுப்பின் முக்காற் பங்கு பட்டறையினது எனக் கண்டு, அதன் பங்காக 3 கோடியே 15 இலட்சம் டாலர் விதித்தனர். அவ்வழக்கிற் குற்றங் காணப்பட்டது பட்டறையின் வேலை. அதனை இன்ஷூரன்ஸ் முறையின் தலையிற் சுமத்துதல் நம் நோக்கமன்று. அதனின்று நாம் கொள்ளும் பாடம் வேறு. விலையையும் விரைவையும் மட்டும் அளவுகோலாகக் கொண்டு பட்டறையைத் தெரிவோர் யாவராயினும், பிறர் உயிரை வைத்து ஆடுகின்றனர். அவ்வாட்டத்தில் தோற்பவர் வண்டியில் ஏறுவார் ஆதலின், தேர்வின் கடைசிச் சொல்லும் அவருடையதாதலே முறை.

எதிர்க்கட்சியார் கூறுவனவற்றுள் வலிய தொன்றையும் ஈண்டு ஆராய்தல் வேண்டும். "பட்டறைகளெல்லாம் யோக்கியமானவையோ? இல்லாத சேதத்தை உண்டென எழுதுவாரும், பழைய உறுப்பைப் பூட்டிப் புதியதற்கு விலை வாங்குவாரும் இலரோ? அம்மிகைச் செலவு முடிவில் எல்லார் பிரிமியத்திலும் அன்றோ ஏறுகின்றது?" என்பர். இது மெய்யே. தெரிந்தெடுக்கும் உரிமை கேட்ட தொகையைக் கேட்டபடி பெறும் உரிமையாகாது. அதனால்தான் கணக்கைச் சோதிக்கும் அதிகாரத்தைக் கம்பெனிக்கு நாம் மறுக்கவில்லை. மேலும், குறைந்த பிரிமியத்தின்பொருட்டு ஒருவன் தன் உரிமையைத் தானே விட்டுக்கொடுக்க விரும்பின், அதனைத் தடுப்பானேன்? ஜெர்மனியில் இத்தகைய உடன்படிக்கைகள் உள. கம்பெனி குறிக்கும் பட்டறைக்கே செல்வேன் என முன்னரே ஒப்புபவனுக்குத் தன் வண்டிச் சேத இன்ஷூரன்ஸிற் பிரிமியம் குறைகின்றது. இதில் வஞ்சம் இல்லை. விற்றவன் இன்னது விற்றேன் என அறிவான், வாங்கினவன் இன்னது வாங்கினேன் என அறிவான். நாம் குறைகூறுவது, முழு உரிமைக்குரிய பிரிமியத்தை வாங்கிக்கொண்டு, விபத்து நேர்ந்த பின் அவ்வுரிமையை இன்சொல்லாற் பறித்தலையே.

பிரெஞ்சு நாட்டார் இதற்கு எளிய வழி கண்டனர். 2014-ஆம் ஆண்டு மார்ச்சு 17-ஆம் தேதிய சட்டத்தால், பழுதுபார்ப்பவனைத் தெரிந்தெடுக்கும் உரிமை வண்டியுடையானுக்கு உண்டு என்பதை மோட்டார் இன்ஷூரன்ஸ் பத்திரம் ஒவ்வொன்றிலும் எழுதவேண்டும் என விதித்தனர். உரிமையை அறியாதவனுக்கு உரிமை இருந்தும் இல்லாததே யாதலின், இவ்விதி சிறிதாயினும் பயன் பெரிது.

நம் கருத்திற் செய்யத்தக்கன நான்கு. முதலாவது, இவ்வுரிமை பத்திரத்திலும், விபத்தை அறிவிக்கும்போது கம்பெனி கூறும் முதல் வார்த்தையிலும் இடம்பெறுதல் வேண்டும். இரண்டாவது, கம்பெனி ஒரு பட்டறையின் பெயரைச் சொல்லுமாயின், அப்பட்டறைக்கும் தனக்கும் உள்ள உடன்பாட்டையும் உடன் சொல்லுதல் வேண்டும். மூன்றாவது, வண்டி செய்தோர் விதித்த முறைப்படி வேலை செய்தற்காகுஞ் செலவை, எப்பட்டறையிற் செய்யினும், கம்பெனி ஏற்றல் வேண்டும். முறைக்கு மேற்பட்ட ஆடம்பரச் செலவை உடையானே ஏற்றல் நியாயம். நான்காவது, தொகையில் வேற்றுமை நேரின், இருதிறத்தாரும் ஒவ்வொரு மதிப்பீட்டாளரை நியமித்து, அவ்விருவரும் ஒரு நடுவரைத் தெரிந்து தீர்த்துக்கொள்ளும் வழி எளிதாக்கப்படல் வேண்டும். அமெரிக்கப் பத்திரங்கள் பலவற்றில் இவ்வழி முன்னரே எழுதப்பட்டுளது. சிறு தொகைக்கு அதனை நாடின் செலவே வரவை விழுங்கிவிடும் என்பதே குறை.

உரிமை வேண்டுவோர் கடமையையும் ஏற்றல் வேண்டும். அண்டை வீட்டான் சொன்னான் என்றோ, வாயிற் பலகை பெரிது என்றோ ஒரு பட்டறையை நம்புவானுக்குத் தேர்வுரிமை இருந்தும் பயன் இல்லை. இவ்வண்டிக்குரிய விதிமுறைகள் உங்களிடம் உளவோ, உங்கள் ஆட்கள் பயிற்சி பெற்றனரோ, பூட்டப்போகும் உறுப்பு யாரால் செய்யப்பட்டது, காமிராவை அளவுபடுத்தியதற்குச் சான்று தருவீரோ எனக் கேட்டல் வேண்டும். விடைகளை எழுத்திற் பெறுதல் வேண்டும். கேட்கத் தெரியாதவன் உரிமையைப் பிறர் கேளாமலே எடுத்துக்கொள்வர்.

நம் நாட்டு நிலையையும் ஒரு வார்த்தையிற் குறிப்போம். இங்கும் பிறர்க்கு நேருந் தீங்கிற்கு இன்ஷூரன்ஸ் செய்தல் சட்டப்படி கட்டாயம். பெரிய சேதங்களை மதிப்பிடுதற்கு லைசென்ஸ் பெற்ற ஸர்வேயர்களை 1938-ஆம் ஆண்டு இன்ஷூரன்ஸ் சட்டம் ஏற்படுத்தியுளது. இது நமக்கு வாய்த்த நலமே. கம்பெனியின் பட்டியலிலுள்ள பட்டறைக்குச் சென்றால் ரொக்கமின்றி வேலை முடியும். புறத்தே சென்றால் முதலிற் கைப்பணங் கொடுத்துப் பின்னர்ப் பெறுதலே வழக்கம். பணமுடையானுக்கு இது சிறு தொல்லை. வாடகை வண்டி யோட்டி அன்றன்று பிழைப்பானுக்கோ, அப்பணத்தை முன்னிட்டுக் கொடுத்தல் இயலாமையால், தேர்வே இல்லையாகின்றது. வண்டி நின்ற நாள் அடுப்பு எரியாத நாள் எனும் நிலையிலிருப்பவன் உரிமைக்காகக் காத்திரான். கிடைத்த இடத்திற் செப்பனிட்டுக்கொண்டு போய்விடுவான். அவ்வண்டியில் ஏறுவாருள் நாமும் ஒருவராயிருக்கக்கூடும்.

ஆகவே, பட்டறையைத் தெரிந்தெடுக்கும் உரிமையைப் பணக்காரர் விளையாட்டென இகழ்தல் ஆகாது. ஏழைக்கும் அது எட்டுமாறு செய்தலே சட்டத்தின் வேலை. நம் கலாசாலையினின்று வெளிச்செல்லும் மாணவருட் சிலர் நாளை இன்ஷூரன்ஸ் கம்பெனிகளில் உத்தியோகம் வகிப்பர். சிலர் நியாயஸ்தலங்களில் வாதிப்பர். சிலர் பட்டறைகளையே நடத்துவர். இம்மூவரும், மேசைக்கு அப்புறம் கலங்கி நிற்பவன் வண்டியின் உடையவன் என்பதை மறவாராயின், அதுவே நாம் இதனை எழுதியதன் பயனாம்.